காட்டுப் பாதைக்கு ஒரு கூடார டிரெய்லர்: முதலில் டயர், அப்புறம் ஸ்பிரிங்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வீடு கோலாலம்பூர் பக்கம் கெப்போங்கில். டொயோட்டா ஹைலக்ஸ் ரேவோ பிக்கப் வைத்திருக்கிறீர்கள், டயர் 265/65ஆர்17. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு காட்டுப் பக்கம் போய்த் தங்குவதற்கு ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று செய்யக் கொடுக்கப் போகிறீர்கள். மேலே கூடாரம், பின்னால் சமையல் பெட்டி, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சாமான்களோடு 900 கிலோ வரும் என்று கணக்கு. ஒரு பட்டறையில், "2 டன் தாங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் போடுவோம், ரிம் 14 அங்குலம் போதும்" என்கிறார்கள். இண்டிபெண்டன்ட் என்றால் ஒவ்வொரு சக்கரமும் தனிக் கையில் தனியாக அசையும் வகை. இன்னொரு பட்டறையில் ரப்பர் டார்ஷன் அச்சைக் காட்டுகிறார்கள். எதை எடுப்பது?

இரண்டும் வேண்டாம். உங்கள் ஹைலக்ஸில் இருக்கிற அதே ரிம், அதே டயர். எடைக்கு ஏற்ற மெதுவான பட்டை ஸ்பிரிங். பக்கத்துக்கு ஒரு அப்சார்பர் (ஆட்டத்தை அடக்கும் குழாய்). இதுதான் என் பதில். டிரெய்லர் கட்டுகிறவர்கள் எல்லாரும் சஸ்பென்ஷனில் இருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை. டயர் முடிவானால் ரிம் முடிவாகும், ரிம் முடிவானால் அதை மாட்டும் ஹப்பும் அச்சின் நீளமும் முடிவாகும், அச்சு முடிவானால் சட்டத்தின் அகலம் முடிவாகும். ஸ்பிரிங் அதற்கெல்லாம் பிறகு, எடைமேடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்க வேண்டிய பொருள்.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் நெகிரி செம்பிலானில் இருக்கும் கெனாபோய் காடு. என் முதல் டிரெய்லருக்கு ஒரு பழைய வேனின் 13 அங்குல ரிம்களைப் போட்டிருந்தேன். ஹுலு லங்காட்டில் இருந்து கெந்திங் பெராஸ் ஏறி, தித்தி வழியாக இறங்கிப் போகும் வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. செம்மண் பாதையில் நுழைந்ததும்தான் தொல்லை. முந்தைய வாரம் மழையில் லோரிகள் போய், பாதையில் இரண்டு ஆழமான தடங்கள் விழுந்திருந்தன. காடியின், அதாவது இழுக்கிற வண்டியின், சக்கரங்கள் அந்தத் தடத்துக்குள் ஒழுங்காக ஓடின. டிரெய்லரின் அச்சு காடியைவிட ஒரு சாண் குறுகல். ஒரு சக்கரம் தடத்துக்குள், இன்னொன்று நடு மேட்டின் மேல். கண்ணாடியில் பார்க்கிறேன், டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே பின்னால் வருகிறது. சமன் செய்ய வழி இல்லை, ஏனென்றால் காடியை எங்கே திருப்பினாலும் அது தன் குறுகலான தடத்தைத்தான் தேடும்.

திரும்பும் வழியில் இடது ஹப்பில் இருந்து ஒரு வாடை. கிரீஸ் எரிகிற வாடையை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இறங்கித் தொட்டேன், விரலை வைக்க முடியவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே பேரிங் உருளைகள் நீலம் பாய்ந்து கிடந்தன. 155/80ஆர்13 டயரின் விட்டம் ஏறக்குறைய 578 மிமீ, உங்கள் டயரின் விட்டம் 776 மிமீ. அதே தூரத்துக்குச் சின்ன டயர் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சுற்ற வேண்டும். சின்ன ஹப்பு, சின்ன பேரிங்கு, அதிகச் சுற்று, அதற்கு மேல் ஆற்றுத் தண்ணீர். காடியின் ஸ்பேர் டயர் கையில் இருந்தும் அதற்குப் பொருந்தாது. டிரெய்லரை அங்கேயே ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, மறுநாள் பேரிங்கோடு திரும்பி வந்தேன்.

அதனால்தான் ஒரே டயர் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். காடியில் ஒரு ஸ்பேர், டிரெய்லரில் ஒரு ஸ்பேர், இரண்டும் ஆறு சக்கரங்களுக்கும் பொருந்தும். காட்டில் ஒரே நாளில் இரண்டு டயர் போனாலும் வீடு வந்து சேரலாம். செம்பனைத் தோட்டத்து வழியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வெட்டிப் போட்ட மட்டையின் முள் டயரின் பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாது. பெரிய டயர் வேர்களின் மேலும் கற்களின் மேலும் உருண்டு ஏறும். சின்ன டயர் அவற்றில் முட்டிக்கொண்டு நிற்கும், அந்த முட்டல் முழுவதும் ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் போகும்.

இனி ரிம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஹைலக்ஸ் ரிம்மில் ஆறு ஓட்டைகள், அவற்றின் நடு வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 139.7 மிமீ. ரேஞ்சர், டி-மேக்ஸ், டிரைட்டன் பிக்கப்புகள் எல்லாவற்றுக்கும் இதே அளவுதான். நவாரா மட்டும் ஆறு ஓட்டை, 114.3 மிமீ, அது சேராது. ஓட்டை ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், நடுத்துளை வேறு வேறு. ஹைலக்ஸுக்கு 106.1 மிமீ, ரேஞ்சருக்கு 93.1, டிரைட்டனுக்கு 67.1. ரேஞ்சர் ரிம்மைக் கொண்டுவந்து ஹைலக்ஸ் ஹப்பில் மாட்டினால் உள்ளேயே போகாது. ஹைலக்ஸ் ரிம்மோ மற்ற ஹப்புகளின் மேல் போய்விடும், நட்டுதான் அதை நடுவில் நிறுத்த வேண்டும். ஆகவே டிரெய்லருக்கு வாங்குகிற ரிம் எல்லாம் 106.1 மிமீ நடுத்துளை உள்ளதாக இருக்கட்டும். நாளைக்கு நீங்கள் இந்தப் பிக்கப்புகளில் நவாரா தவிர வேறொன்றுக்கு மாறினாலும் அவை வீணாகாது.

பட்டறையில் ஹப் ஆர்டர் கொடுக்கும்போது ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) அளவை எழுதியே கொடுங்கள்: எம்12×1.5. வெளிநாட்டில் இருந்து வரும் டிரெய்லர் ஹப்புகள் பலவற்றில் அரை அங்குல ஸ்டட் இருக்கும். அது 12.7 மிமீ தடிப்பு, மரையும் வேறு. பார்வைக்குத் தெரியாது. காட்டில் ஹைலக்ஸ் நட்டை எடுத்துத் திருகும்போதுதான் தெரியும்.

நட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டொயோட்டாவின் ஒரிஜினல் அலாய் ரிம்கள் பலவற்றில் நட்டு தட்டையான வாஷரோடு உட்காரும். இரும்பு ரிம்மிலோ நட்டின் முனை கூம்பாக இருக்கும். தட்டை நட்டுக்குச் செய்த அலாய் ரிம்மில் கூம்பு நட்டைப் போட்டு முறுக்கினால் இறுகியது போலத் தெரியும், ஐம்பது கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். டிரெய்லரில் இரும்பு ரிம், காடியில் அலாய் என்றால் டிரெய்லர் பெட்டியில் இரண்டு வகை நட்டிலும் ஆறாறு போட்டு வையுங்கள். காட்டுக்கு நான் இரும்பு ரிம்மைத்தான் விரும்புவேன். அடிபட்டால் வளையும், சுத்தியலால் தட்டி நேராக்கி வீட்டுக்கு வரலாம். அலாய் வெடித்தால் வெடித்ததுதான். ஆனால் ஸ்போர்ட் ரிம் போடுகிறவர்கள் கழற்றி விற்கிற ஒரிஜினல் அலாய் ரிம் ஒரு செட் நல்ல விலைக்குக் கிடைத்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். டயரோடு விற்றால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அரிது. வெயிலில் நின்று, காய்ந்து, வெடிப்பு விட்டுத்தான் சாகும்.

அச்சின் நீளத்தைக் கணக்குப் போடும் முறை இது. உங்கள் காடியின் பின் சக்கரங்களை அளவு நாடாவால் அளந்து பாருங்கள், இடது டயரின் நடுக்கோட்டில் இருந்து வலது டயரின் நடுக்கோடு வரை. ரேவோவில் சுமார் 1,550 மிமீ வரும். டிரெய்லரிலும் அதே வர வேண்டும். ஒரிஜினல் ரிம்மின் ஆஃப்செட் 30 மிமீ. அதாவது ரிம் ஹப்பில் உட்காரும் முகம், டயரின் நடுக்கோட்டைவிட 30 மிமீ வெளியே இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 60. எனவே அச்சில் ஹப் முகத்தில் இருந்து ஹப் முகம் 1,610 மிமீ இருக்க வேண்டும். பூஜ்ய ஆஃப்செட் ரிம் வாங்கினால் அதுவே 1,550 ஆகிவிடும். ரிம்மைக் கையில் வாங்கி அதன் முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் அச்சுக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அதே கணக்கு சட்டத்தின் அகலத்தையும் சொல்லிவிடும். டயர் அகலம் 265. உள் ஓரத்துக்கும் உள் ஓரத்துக்கும் இடையே 1,285 மிமீ. பக்கத்துக்கு 50 மிமீ இடைவெளி விட்டால் சட்டம் 1,185க்கு மேல் போகக் கூடாது. நான் 1,150 என்று வைப்பேன். சேறு அப்பிக்கொண்டால் அந்த இடைவெளி ஒரே நிமிடத்தில் அடைந்துவிடும்.

டயர் எடை தாங்குமா என்ற கவலை வேண்டாம். 265/65ஆர்17 டயரில் 112 என்று எழுதியிருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். உங்கள் டிரெய்லரில் ஒரு டயருக்கு 400 கிலோ சொச்சம்தான். அதனால் காடிக்கு ஏற்றுகிற அளவுக்குக் காற்று ஏற்றாதீர்கள். கல் மாதிரி ஆகி டிரெய்லர் துள்ளும். நான் தார்ச் சாலையில் 28 பிஎஸ்ஐ, செம்மண்ணுக்கு இறங்கியதும் 20 என்று வைக்கிறேன். குறைத்த காற்றோடு வேகமாகப் போகக் கூடாது, தார் ஏறியதும் மறுபடி ஏற்ற வேண்டும்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். "2 டன் தாங்கும்" என்பதைப் பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். கெட்டியாக இருந்தால் நல்லது என்பது நம் எல்லாருடைய நினைப்பும். ஸ்பிரிங்குக்கு அது பொருந்தாது. அது வளைந்தால்தான் அதற்கு வேலை.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 900 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, 90 கிலோ, காடியின் கொக்கியில் இறங்கும். மிச்சம் 810 கிலோ அச்சுப் பக்கம். அதில் சக்கரம், ஹப், அச்சு, பிரேக் எல்லாம் சேர்த்து ஒரு 120 கிலோ ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதை ஸ்பிரிங் சுமப்பதில்லை. ஆக 690 கிலோ, ஒரு ஸ்பிரிங்குக்கு 345. இந்த 345 கிலோ ஏறியதும் ஸ்பிரிங் 75 முதல் 100 மிமீ வரை தாழ வேண்டும். அப்போது டிரெய்லர் நிதானமாக, வினாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு தடவை என்ற அளவில் அசையும். 2 டன் ஸ்பிரிங்கில் இதே எடை ஏறினால் 25 மிமீகூடத் தாழாமல் போகலாம். அப்போது அது வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் உதறும்.

அந்த உதறல் என்ன செய்யும் என்பதை ஒரு நண்பரின் சமையல் பெட்டியில் பார்த்தேன். ஜந்தா பாயிக் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தோம். ஊறுகாய் பாட்டிலின் மூடி தானாகவே திருகிக் கழன்று பக்கத்தில் கிடந்தது. எண்ணெய் எல்லாம் அரிசிப் பையில். பிளாஸ்டிக் பெட்டியின் உட்புறம் பாட்டில்கள் உரசி உரசி வெள்ளைத் தூளாக இருந்தது. அடுப்பின் கேஸ் குழாயைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்திருந்தது, எங்களுக்குப் பயத்தைக் கொடுத்தது அதுதான். ஸ்பிரிங்கில் ஏழு பட்டைகள். மூன்றைக் கழற்றி எடுத்ததும் அதே டிரெய்லர் வேறு டிரெய்லர் ஆகிவிட்டது.

ஆகவே எடையை ஊகிக்காதீர்கள். டிரெய்லர் சட்டம், பெட்டி, கூடாரம் எல்லாம் ஏறிய பிறகு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, முகாமுக்குப் போகிற மாதிரி சாமான் அடுக்கி, பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் ஒரு தடவை ஏற்றுங்கள். மொத்தமாக ஒரு முறை, கொக்கியைக் காடியில் மாட்டியபடி டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் இருக்க ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொக்கியின் எடை. 900 என்று நினைத்தது 1,050 ஆக இருப்பது சாதாரணம். பட்டறையில் முதலில் ஐந்து பட்டை ஸ்பிரிங்கைப் போடச் சொல்லுங்கள். வெறும் டிரெய்லரில் சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே அளந்து சுண்ணக்கட்டியால் எழுதிவையுங்கள், சாமான் ஏற்றி மறுபடி அளவுங்கள். ஒன்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதுதான் பட்டை ஸ்பிரிங்கின் பெரிய நன்மை.

ஹைலக்ஸின் பின் ஸ்பிரிங்கையே பொட்டோங் கடையில் (பழைய காடி உதிரிபாகக் கடை) வாங்கிப் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். போடலாம். ஆனால் அது காடியின் பின்பாதியையும் ஒரு டன் சரக்கையும் சுமக்கச் செய்தது. அடியில் இருக்கும் தடித்த பட்டையையும், தேவைப்பட்டால் இன்னொன்றையும் எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

பட்டை ஸ்பிரிங்கில் நான் பார்க்கிற விஷயங்கள் சில. இரண்டு முனையிலும் கண் (போல்ட் நுழையும் வளையம்) இருக்க வேண்டும், பின் முனை ஷேக்கிளில் (முன்னும் பின்னும் ஆடும் இணைப்புத் தகடு) தொங்க வேண்டும். பின் முனை சும்மா ஒரு தகட்டின் மேல் வழுக்குகிற வகை மலிவு, கல் பாதையில் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே வரும். முன் கண்ணை இரண்டாவது பட்டையும் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தலைப்பட்டை கண்ணருகே உடைந்தாலும் அச்சு ஓடிப் போகாது. ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளை முதல் 100 கிலோமீட்டரில் மறுபடி இறுக்க வேண்டும். அவை தளர்ந்தால் பட்டைகளின் நடு போல்ட் வெட்டுப்படும், அச்சு ஒரு பக்கம் பின்னால் நகரும், டிரெய்லர் நண்டு மாதிரி நடக்கும். கையில் இரண்டு யூ போல்ட், ஒரு நடு போல்ட், ஒரு துண்டு மரக்கட்டை, கொஞ்சம் சங்கிலி இருந்தால் பட்டை உடைந்தாலும் கட்டைக் கொடுத்துக் கட்டி மெதுவாக வெளியே வரலாம். கெரிக்கிலும் குவா மூசாங்கிலும் லோரிக்கு ஸ்பிரிங் பார்க்கிற ஆள் கட்டாயம் இருப்பார். அவரிடம் இந்தப் பட்டையைக் காட்டினால் கேள்வியே கேட்காமல் வேலையைத் தொடங்குவார். இறக்குமதி இண்டிபெண்டன்ட் கையின் புஷ்ஷைக் காட்டிப் பாருங்கள், கோலாலம்பூருக்கு ஃபோன் போடச் சொல்வார்.

அச்சு நடுவில் குறுக்கே போகிறதே, கல்லில் இடிக்காதா என்று இண்டிபெண்டன்ட் விற்கிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அளந்தே பதில் சொல்லலாம். உங்கள் டயரில் எடை ஏறியபின் அச்சின் மையம் தரையில் இருந்து ஏறக்குறைய 370 மிமீ. அச்சு 45 மிமீ சதுரம், ஸ்பிரிங் அச்சுக்கு மேலே உட்கார்ந்தால் கீழே இருப்பது யூ போல்ட் தகடும் நட்டும் மட்டும். மிகத் தாழ்வான இடத்திலும் 300 மிமீக்கு மேல் இடைவெளி இருக்கும். ஹைலக்ஸின் பின் டிஃபரென்ஷியல் உருண்டை அதைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது. காடி தாண்டிய கல்லை டிரெய்லர் தாண்டும். 14 அங்குல ரிம் போட்டால்தான் இந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

ரப்பர் டார்ஷன் அச்சைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரும்புக் குழாய்க்குள் ரப்பர் கயிறுகள், அவற்றை முறுக்கும் கை. சத்தம் இல்லை, கிரீஸ் வேண்டாம், தார்ச் சாலையில் ஓடுகிற உணவு டிரெய்லருக்கு அருமையானது. காட்டுக்கு அதன் அசைவு குறைவு, ரப்பர் வயதானால் முழு அச்சையும் மாற்ற வேண்டும், எடைக்கு ஏற்ப ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை.

காயில் (சுருள்) ஸ்பிரிங்கும் பின்னிழுக்கும் கையும் கொண்ட இண்டிபெண்டன்ட் நல்ல பொருள்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மற்றது சாயாது. நீண்ட கல் பாதையில் சட்டத்துக்கு நிம்மதி. 1,300 கிலோவுக்கு மேல் போகிற டிரெய்லர், உள்ளே படுக்கை, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் உள்ள வண்டி என்றால் நானே அதைச் சிபாரிசு செய்வேன். அப்போதும் எடைக்கு ஏற்ற காயிலைத்தான் வாங்க வேண்டும், 2 டன் காயிலை அல்ல. கைகள் சட்டத்தில் சேரும் இடத்தைக் கெட்டியாகக் கட்ட வேண்டும், சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், அது தவறினால் புது டயர் ஒரே பயணத்தில் ஓரம் தின்றுவிடும். இன்னொன்று, பட்டை ஸ்பிரிங்கில் கொக்கி எடை சரியில்லை என்றால் ஸ்பிரிங்கைச் சட்டத்தில் மாட்டும் தொங்கு தகடுகளை வெட்டி அச்சை ஒரு சாண் நகர்த்தலாம். கையை ஒரு தடவை வெல்டிங் செய்துவிட்டால் அவ்வளவுதான். காற்றுப்பை வகை இன்னும் மென்மை, முகாமில் மட்டம் பார்க்கவும் வசதி. ஆனால் சேறும் கூர்மையான கல்லும் மட்டை முள்ளும் உள்ள நம் பாதையில் ரப்பர் பையை நம்பி என் பிள்ளைகளைக் கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அப்சார்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும் என்று சொல்லி அப்சார்பர் இல்லாமல் கொடுப்பார்கள். காய்ந்த பட்டையில் அது உண்மை. சேற்றுத் தண்ணீர் உள்ளே போனதும் உரசல் மாறிவிடும், டிரெய்லர் வரிப் பள்ளங்களில் பந்து மாதிரி குதிக்கும். எந்தக் கடையிலும் கிடைக்கிற ஹைலக்ஸ் பின் அப்சார்பரையே எடுத்து, அதன் நீளத்துக்கு ஏற்ப, அதன் மேல் முனையை மாட்டும் தகட்டை வைக்கச் சொல்லுங்கள். டிரெய்லர் நிற்கிற உயரத்தில் அப்சார்பர் தன் ஓட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். முழுக்க அழுந்துமுன் ரப்பர் பம்ப் ஸ்டாப்பு தொட வேண்டும், இல்லாவிட்டால் அப்சார்பரே தடையாகி உடையும். ஸ்பிரிங் 80 மிமீ தாழ்ந்து நிற்கிறது என்றால் இன்னொரு 80 மிமீ அழுந்தும்போது இரட்டை எடை ஏறியது போல. அந்த அளவுக்காவது மேலே இடம் வேண்டும்.

ஹப்பைப் பற்றி ஒரு வார்த்தை, கெனாபோய் சொல்லிக்கொடுத்தது. ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். அப்படியே ஆற்றில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையில் கால் மணி நேரம் நிறுத்துங்கள், பிள்ளைகளும் இறங்கி நிற்கட்டும். கப்பலுக்குப் போடுகிற கிரீஸ் போடுங்கள். ஆறு கடந்த ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மூடியைத் திறந்து பாருங்கள், கிரீஸ் பால் கலந்த தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங் எண்ணை ஹப் மூடியின் உட்புறம் எழுதிவையுங்கள். பல டிரெய்லர் ஹப்புகளில் உள் பேரிங் எல்68149. உங்களுடையதில் வேறு இருக்கலாம், பட்டறையில் கேட்டு எழுதுங்கள். கிரீஸ் தடவிய ஒரு ஜோடி பேரிங்கும் சீலும் காற்றுப் புகாத பையில் டிரெய்லரிலேயே இருக்கட்டும்.

பிரேக் கட்டாயம். பிக்கப்புகளின் கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பொதுவாக 750 கிலோதான் எல்லை. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். கொக்கி அழுந்தி வேலை செய்யும் தள்ளு பிரேக்கு, கெந்திங் பெராஸ் மாதிரியான நீண்ட இறக்கத்தில் முழு நேரமும் அழுந்திச் சூடாகும், பின்னால் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் இடத்தில் கட்டுப்பாடு உள்ள 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் போடுங்கள், 17 அங்குல ரிம்முக்குள் தாராளமாக அடங்கும். கொக்கிக்குச் சாதாரண 50 மிமீ பந்து வேண்டாம், எல்லாப் பக்கமும் திரும்புகிற காட்டுக் கொக்கி வேண்டும். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக வையுங்கள், தண்ணீர் தீர்ந்தாலும் கொக்கி எடை மாறாது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவையும் புஸ்பாகோம் வாகனச் சோதனையையும் இரும்பு வெட்டுமுன் பட்டறையோடு பேசி முடியுங்கள். யார் வரைபடம் கொடுப்பது, யார் பெயரில் விண்ணப்பம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இந்தச் சனிக்கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான். அளவு நாடாவோடு காடிக்குப் பின்னால் உட்காருங்கள். டயர் நடுவில் இருந்து நடு, ரிம்மின் முதுகில் இருக்கும் ஆஃப்செட் எண், நட்டு தட்டையா கூம்பா, ஸ்பேர் டயரின் நான்கு இலக்கம். இந்த நான்கையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஹப் முகத்தின் அளவை இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே எண் வந்த பிறகு பட்டறைக்கு முன்பணம் கொடுக்கலாம்.